பாக்கெட் இல்லாத வெள்ளை கவுன்

கேன் கிரீக், ஜார்ஜியா
பிப்ரவரி 4, 2019

திரு. ஹோரஸ் பெட்டிஃபோர்ட் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். என் தங்கை கோரின் போன பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். காரணம் உங்களுக்கே தெரியும். அவள் குழிமேல் புல் முளைக்குமுன் அந்த ஜெனீவாவைக் கட்டிக்கொண்டீர்கள். அடக்க நாளன்று எல்லாருக்கும் சாப்பாடு போட்டபோது அந்த ஜெனீவாதான் பீச் பழப் பலகாரம் சுட்டு நீலத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த ஈஸ்டருக்கு மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு கோரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஆனால் இது சண்டைக்கு எழுதுகிற கடிதம் அல்ல. எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பக்கத்து மாவட்டத்துச் சபை ஒன்றில் ஆராதனை நடுவே ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்துவிட்டான். அதிலிருந்து எங்கள் சபையிலும் தூக்கம் போயிற்று. மூப்பர்கள் கூடிப் பேசி, வாசல் ஊழியத்தில் நிற்கிறவர்களில் சிலர் வெளியே தெரியாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். போதகர் விட்லோ என்னைப் பார்த்து, "ஓசெல்லாம்மா, பின்வாசல்ல உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு ஈ உள்ள வராது. அங்க நீங்கதான் நிக்கணும்" என்றார். பின்வாசலுக்குப் பக்கத்தில்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் அறை. அதனால்தான் சரி என்றேன். சபை உதவிக்காரரான டீக்கன் அலோன்சோ சிரித்தார். "இந்தம்மா முறைச்சாலே ஓடிருவான், துப்பாக்கி எதுக்கு" என்றார். அதையும் மனசில் முடிந்து வைத்திருக்கிறேன்.

கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவன் உள்ளங்கைக்குள் அடங்குகிற ரோஸ் நிறத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தான். "பாட்டிம்மா, இது பொம்பளைங்களுக்குன்னே வந்தது." ரோஸ் நிறத்தில் என் பல்செட் டப்பா இருக்கிறது, அது போதும் என்று திரும்பி வந்துவிட்டேன். விலையையும் வாய் கூசாமல் ஐந்நூறு டாலர் என்றான். முந்நூறுக்கு மேல் என்னால் முடியாது. விரல் மூட்டுகளில் வாதம் வேறு.

நீங்கள் சனிக்கிழமைகளில் துப்பாக்கிச் சுடுகளத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள்மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் உண்டு, ஆனால் பொய் சொல்லி ஏமாற்றுகிறவர் என்று சொல்ல மாட்டேன். எதை வாங்கலாம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோரினின் அக்கா,
ஓசெல்லா டார்ப்ளி


மேக்கன்
பிப்ரவரி 11, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

கவரில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன். துப்பாக்கிதான் என்று தெரிந்ததும் நிம்மதியாயிற்று. இதை வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ரோஸ் துப்பாக்கியை வேண்டாம் என்று வந்தது நல்லது. சின்னது என்றால் சுலபம் என்று ஊரே நினைக்கிறது. எடை குறையக் குறையக் கையில் உதைக்கும். தோட்டா ஏற்றுவதற்கு மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டுமே, சின்னதில் அதுவும் விறைப்பாக இருக்கும். உங்கள் விரல்களுக்கு ஒத்து வராது. புதிதுதான் வேண்டும் என்பதும் இல்லை. நல்லபடியாக வைத்திருந்த பழசு உங்கள் தொகைக்குள் கிடைக்கும்.

சனிக்கிழமை இங்கே வாருங்கள். வாடகைக்கு இருக்கும் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். உங்கள் வெள்ளைக் கையுறையையும் கொண்டுவாருங்கள். வாசலில் அதைப் போட்டுக்கொண்டுதானே நிற்பீர்கள்? துணி வழுக்கும். அதோடு பழக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். துப்பாக்கியை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வீர்கள்? அது முடிவானால்தான் எது வேண்டும் என்பது முடிவாகும்.

ஜெனீவா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி போன்ற,
ஹோரஸ்


கேன் கிரீக்
மார்ச் 5, 2019

ஹோரஸுக்கு,

சனிக்கிழமை முழுவதும் எனக்காகச் செலவழித்ததற்கு முதலில் நன்றி. நன்றி சொல்ல எனக்கு வாய் வராது என்று கோரின் சொல்லுவாள். எழுத வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதில் அந்தச் சத்தம்தான். அந்த ரிவால்வரின் விசையை இழுக்க எனக்கு இரண்டு விரல் வேண்டியிருந்தது. "அக்கா, இது உங்களுக்கு ஆகாது, வைங்க" என்று உடனே வாங்கி வைத்துவிட்டீர்கள். அடுத்ததில் மேல்பாகம் அசையவே இல்லை. பக்கத்துத் தடுப்பில் நின்ற தடியன் என்னைப் பார்த்து இளித்தான். பச்சைத் தொப்பி, இடது பக்கம் பல் இல்லை. எங்கே பார்த்தாலும் அவனை எனக்கு அடையாளம் தெரியும். அப்புறம் அந்தக் கறுப்பு முந்நூற்றெண்பது ரகத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தீர்கள். கொஞ்சம் பருமன்தான். "இழுக்காதீங்க அக்கா. மேல்பாகத்தைப் பிடிச்சுக்கிட்டு துப்பாக்கிய முன்னாடி தள்ளுங்க, ரொட்டி மாவு பிசையற மாதிரி" என்றீர்கள். கையுறையோடேயே தோட்டா ஏறிவிட்டது. ஏன் அதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை?

காகித ஆளின் நெஞ்சில் நான் சுட்டதை நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அந்தக் காகித ஆள் எனக்கு அலோன்சோ மாதிரி தெரிந்தார், அதனால் குறி தப்பவில்லை.

விலையும் சொன்னபடி முந்நூறுக்குள் முடிந்தது. ஆனால் மிச்சமிருந்ததற்கும் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையை என் தலையில் கட்டிவிட்டீர்களே. "துப்பாக்கியில மிச்சம் பிடிங்க, உறையில பிடிக்காதீங்க" என்று ஒரே பிடிவாதம். ஒரு பழைய காலுறையில் சுற்றி வைத்திருப்பேன். சரி, வாங்கியாயிற்று.

எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். வாசல் ஊழியத்தில் நாங்கள் போடும் வெள்ளை கவுனில் பாக்கெட் கிடையாது. எங்கள் சபையில் பெண்களுக்கு அப்படித்தான் தைப்பது வழக்கம். இடுப்புப் பட்டியும் கிடையாது. அதனால் கைப்பைதான்.

ஓசெல்லா


மேக்கன்
மார்ச் 9, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

பச்சைத் தொப்பிக்காரர் பெயர் ட்ராய். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "அந்தம்மா எந்தச் சபை? நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்றார்.

கைப்பை எனக்குச் சரியாகப் படவில்லை. பை உடம்பில் இருக்கிற பொருள் இல்லை. கீழே வைத்துவிட்டால் யார் கைக்கும் போகும். வேறு வழியே இல்லை என்றால் துப்பாக்கிக்கு மட்டும் தனிப் பை வாங்கிக்கொள்ளுங்கள். வேறொன்றும் அதில் போடாதீர்கள், தோளைவிட்டு இறக்காதீர்கள். உறையிலிருந்து வெளியே எடுக்கவும் வேண்டாம்.

கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

ஹோரஸ்


கேன் கிரீக்
மே 13, 2019

தம்பி ஹோரஸுக்கு,

இதை எழுத உட்கார்ந்து, கிழித்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அன்னையர் தின ஆராதனை. காணிக்கை எடுக்கிற நேரத்தில் தட்டோடு நடுவழியில் போக வேண்டியிருந்தது. தோளில் பையோடு தட்டைப் பிடிக்க முடியாமல் பின்வரிசைப் பெஞ்சில் பையை வைத்துவிட்டேன். நீ சொன்ன தனிப் பையை நான் வாங்கவில்லை. ஒரே பைதான். சாவி, துப்பாக்கி, பெப்பர்மிண்ட் மிட்டாய் எல்லாம் அதில்தான்.

எங்கள் சபையில் வளர்ந்த பிள்ளை எதற்கும் வெள்ளை கவுன் அம்மாக்களின் பை என்றால் மிட்டாய்ப் பைதான். பிரசங்கம் நீண்டால் கையை விட்டுத் துழாவும். நாங்களும் ஒன்றும் சொல்ல மாட்டோம். எங்கள் அம்மாக்கள் பையில் நானும் கோரினும் துழாவாததா? எங்கள் சபைக்கு வருகிற டமாராவின் மகள் நைலா, நாலு வயசு, என் பைக்குள் கையை விட்டிருக்கிறாள்.

நான் திரும்பி வரும்போது அது அவள் இரண்டு கையிலும் இருந்தது. "ஓசெல்லாம்மா, இது தெறக்க வரல" என்றாள். உறையைப் பெட்டியின் மூடி என்று நினைத்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் பிடித்த பிடியை விடவில்லை. விசை இருக்கிற இடத்தில் அவள் சுண்டுவிரல்கூட நுழைய முடியவில்லை.

தட்டு கீழே விழுந்தது, நாணயமெல்லாம் உருண்டது. குழந்தையின் கையிலிருந்து அதை வாங்கினேன். பாட்டு உச்சத்தில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆராதனை முடிந்ததும் போதகரையும் டமாராவையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

டமாரா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "யாரக் காப்பாத்தறதுக்கும்மா நீங்க அந்த வாசல்ல நிக்கிறீங்க?" குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

போதகர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். வாசலில் நிற்பதா, விலகிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன்.

அந்த உறையை என் தலையில் கட்டினாய் என்று எழுதினேன் அல்லவா? நீ அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அது பழைய காலுறைக்குள்தான் கிடந்திருக்கும். இதற்குமேல் எழுத வரவில்லை. உன்னை ஆசீர்வதிக்கும்படி முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லி நான் ஜெபித்து ரொம்ப வருஷமாயிற்று.

அக்கா


மேக்கன்
மே 17, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை நின்றபடியே படித்தேன்.

உங்களைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. போலீஸ் வேலை பார்த்தவர்கள்கூடத் துப்பாக்கியைக் கழிப்பறையில் மறந்து வைத்துவிட்டு வருகிறார்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள். நீங்களும் மூடி மறைக்கவில்லை. டமாராவுக்கு ஆறக் கொஞ்சம் காலம் கொடுங்கள்.

விலகுவதா என்பதை நான் சொல்ல முடியாது. உடம்போடு ஒட்டி இருந்தால் இன்னொருவர் கை அதற்குப் போகாது, இதை மட்டும் சொல்ல முடியும். உங்களுக்கு இடுப்புப் பட்டி இல்லை என்பதுதான் இடைஞ்சல்.

இப்போது சொல்லப் போவதற்கு நீங்கள் கோபப்படலாம். நான் படித்து முடித்ததும் கடிதத்தை ஜெனீவா வாங்கிப் படித்தாள். பிறகு, "கவுனுக்குள்ள இடுப்பச் சுத்தி கெட்டித் துணியில பட்டி வச்சுத் தெச்சா உறை அசையாம நிக்கும். பக்கத் தையல்ல ஒரு திறப்பு விட்டா வெளியவே தெரியாது. நான் தெச்சுத் தரேன். ஆனா அவங்க என் கையால வாங்கிப்பாங்களா?" என்றாள். கல்யாணக் கவுன் தைக்கிறவள் அவள். "எனக்குத் தெரியாது, கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

கேட்டுவிட்டேன்.

ஹோரஸ்


கேன் கிரீக்
மே 22, 2019

தங்கச்சி ஜெனீவாவுக்கு,

உன் பெயருக்கு முன்னால் இந்த வார்த்தையைப் போட எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. போட்டுவிட்டேன், இனி எடுக்க மாட்டேன்.

என் கடிதத்தை வாங்கிப் படித்தாயாம். நல்லது. உனக்கு வேறு யார் சொல்வார்கள்? நீ கேட்டதற்குப் பதில், வாங்கிக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு பின்வாசலில் நின்றேன். நைலாவைத் தன் மடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டாள் டமாரா. ஆராதனை முடிந்து போகும்போது என் எதிரில் நின்று, "அடுத்த வாரமும் இருப்பீங்களா?" என்று கேட்டாள். "நீ வேண்டாம்னா இருக்க மாட்டேன்" என்றேன். நைலாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உடம்போட இருக்கட்டும். பையில வேண்டாம்" என்றாள். குழந்தையை என்னிடம் விடவில்லை. விட வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே நிற்கப் போகிறேன்.

தபாலில் அளவு அனுப்பினால் சரிப்பட்டு வராது. என் இடுப்பு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருக்கிறது. போட்டுப் பார்த்து ஊசி குத்தித்தான் ஆக வேண்டும். ஹோரஸைச் சுடுகளத்துக்கு லீவு சொல்லச் சொல்லி, வருகிற சனிக்கிழமை இருவரும் வாருங்கள். தோட்டா இல்லாமல் துப்பாக்கியை ஹோரஸ் எடுத்துத் தரட்டும், நீ பட்டியை அதற்கு அளந்துகொள். வலது கையால் எடுக்கத் தோதாக இருக்க வேண்டும். கையுறையோடு எடுத்துக் காட்டுகிறேன், எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்.

தையல் மிஷின் என்னுடையது நன்றாக ஓடும். கோழி சுடுகிறேன், கீரை வேக வைக்கிறேன், சோள ரொட்டியும் உண்டு. நீ ஒன்றும் சுட்டுக் கொண்டுவர வேண்டாம். பசியோடு வந்தால் போதும்.

உன் அக்கா,
ஓசெல்லா