கொடிக்குக் குடுத்த பச்சைச் சேலை

போடிநாயக்கனூர்
ஆவணி, 1956

அப்பு காசிமாயனுக்கு ஆத்தா வேலுத்தாய் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி எழுதுறது. மூட்டுவலியத் தவிர இங்கன ஒரு கொறையுமில்ல. கல்கத்தாவுல நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாம இருக்க நம்ம சாமியக் கும்பிட்டுக்கிறேன். மலையில நல்ல மழை, ஏலக்கா காய்ப்பு பரவாயில்ல, தேவாரம் ஊருல யானை எறங்கி உன் தங்கச்சி வீட்டுச் சோளத்தை மிதிச்சுப் போட்டுருச்சு, அவளுக்கு ரெண்டு வரி ஆறுதலா எழுது, அண்ணன்காரன் ஒருத்தன் இருக்கான்னு அவளுக்கும் தெரியட்டும்.

நம்ம ஊரு புதுக் காலேஜைப் போன வெள்ளிக்கிழமை தொறந்தாக. கமிட்டிக்காரவுக கேட்டு நீ எழுதி அனுப்புன காலேஜு வரலாறை மைக்குல வாசிச்சாக, காலேஜுக் கொடியில இருக்குற பச்சை ஏலமலையோட செழிப்பாம், வெள்ளை கல்வியோட தூய்மையாம், ஒரே கைதட்டு. ஏண்டா, எங்கேருந்துடா புடிச்ச அந்தத் தூய்மையை? காலேஜுக் கட்டடத்துக்கு மொதமொத மரம் ஏத்திட்டு வந்த லாரி போடிமெட்டு வளைவுல கவுந்துதான, லோடு ஏத்தப் போன உங்கய்யா போய்ச் சேந்தாரு. அஸ்திவாரம் போடுறதுக்குக் கொடி வேணும்னு கமிட்டிக்காரவுக வந்து நின்னப்ப, இனி நான் எங்க கட்டப்போறேன்னு என் கல்யாணப் பச்சைச் சேலையையும் உங்கய்யா வெள்ளை வேட்டியையும் நான்தான தூக்கிக் குடுத்தேன். டெய்லர் சின்னமுத்து வெட்டுறப்ப மறுமுனையப் புடிச்சுக்கிட்டு அழுதவன் நீ. அந்தப் பச்சையும் வெள்ளையும்தான் காலேஜுக்கு நெறமா நின்னுச்சு. மறந்துபோச்சா, இல்ல லோடுக்காரன் மகன்னு சொல்லிக்கிட வெக்கமா இருக்கா?

இன்னொண்ணும் கேட்டுக்க. கொடியேத்துறதப் பாக்க நானும் போனேன். கமிட்டி மலைச்சாமி ஓடியாந்து, நல்ல காரியம் நடக்குது அத்தாச்சி, வெள்ளைச்சேலையோட முன்னாடி நிக்காதீக, அங்கிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டான். கம்பத்துல பறக்குற வெள்ளை அவுகளுக்கு ஆகும், என் மேல கெடக்குற வெள்ளை ஆகாது. சைக்கிள் நிப்பாட்டுற பக்கமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன். வயிறு எரியுதுடா.

அந்த வரலாறை எழுதுனதுக்குத் தை மாசம் உனக்குப் பொன்னாடை போத்தக் காலேஜுக்குக் கூப்புட்டுருக்காகளாம். வா. வந்து அதே மைக்குல, இது எங்க ஆத்தா சேலை, எங்கய்யா வேட்டின்னு ஊரு கேக்கச் சொல்லு, நான் உன் பக்கத்துல நிப்பேன். அதுக்கு வாய் வராதுன்னா பொன்னாடையோட அப்பிடியே ரயிலேறிரு, நம்ம வீட்டுப் படி ஏறாத.

பனியில தலைக்குத் துண்டு கட்டாம அலையாத, சளி புடிச்சா உனக்கு வெரசா விடாது. மருமகளுக்கு ஏலக்காப் பொட்டலம் அனுப்பியிருக்கேன். எங்க இருந்தாலும் நல்லா இரு அய்யா. இம்புட்டுக் கடுசா எழுதணுமா அத்தைன்னு செல்லக்கிளி கேக்குறா. ஒரு வரி விடாம எழுதுடின்னுட்டேன்.

உன் ஆத்தா
வேலுத்தாய்