பெரியம்மா வீட்டுச் சாப்பாடு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என் மகளின் படத்தைப் பார்த்தேன். உன் வீட்டில் தங்கி ஓட்டப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்த ஒரே மாதத்தில் கன்னம் பூரித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். வயிறு எரிகிறது.

அவள் கால் எலும்பில் விரிசல் விட்டபோது பயிற்சியாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஓடுற அளவுக்குச் சாப்பிடலன்னா, இந்தப் பொண்ணு இனிமே ஓட முடியாதுங்க." அன்றிலிருந்து எதில் எவ்வளவு சத்து என்று படித்துப் படித்துச் சமைத்தேன். அரைக் கிண்ணம் சோற்றைக் கிளறிக்கொண்டே இருப்பாள். அங்கே தட்டுத் தட்டாகச் சோறு, முட்டை, அதற்கு மேல் வாழைப்பழமாம். "பெரியம்மா கைப்பக்குவம் அப்படிம்மா" என்கிறாள். நீ உப்புப் போட மறப்பவள் என்பது ஊருக்கே தெரியும். அப்படி என்னதான் சமைக்கிறாய்?

பெற்றவள் நான் என்று அவளுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்து.

உன் தங்கை

ஜூன் 11

என் செல்லத் தங்கச்சிக்கு,

வயிற்றெரிச்சலைத் தபாலில் அனுப்பிய முதல் ஆள் நீதான்.

இன்றும் உப்பு மறந்தது. அவளே போட்டுக்கொண்டாள். பாத்திரங்களை மேசைமேல் வைத்துவிட்டு நான் தையல் மெஷினுக்குப் போய்விடுவேன். அவளுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்தான். முதல் வாரம் கொறித்தாள். நான் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மறுநாளே பெரிய பானைக்கு மாறினேன்.

"ஏண்டி, உங்கம்மா என்னைவிட நல்லா சமைப்பாளே?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கும் பெரியம்மா. ஆனா அம்மா எதிர்ல உக்காந்து என் வாயையே பாத்துட்டிருப்பாங்க. பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும். முழுங்கவே முடியாது."

கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு அம்மா நீதான். அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். மனம் வரவில்லை. இரண்டு நாளாக நானும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்கவும் எதிரில் யாருமில்லை. இப்போது உன்மேல் மட்டுமல்ல, உன் முதுகின்மேலும் பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வருகிறேன். அவள் ஓடிவிட்டுத் திரும்பும் நேரத்துக்குத்தான் என் ரயிலும் வருகிறது. நேராக வீட்டுக்கு வரமாட்டேன், தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். தட்டைக் கழுவி வைத்த பிறகு என்னைக் கூப்பிடு.

அவளை அவசரப்படுத்தாதே. இன்னொரு தட்டுப் போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டும். நான் காத்திருக்கிறேன்.

தங்கை