என் விரலையே நம்பாத டேப்லெட்

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்; புத்திதான் சுகமில்லை. நீ கைப்பட எழுதித் தந்த சமையல் சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். திட்டாமல் மேலே படி.

இங்கே சிங்கப்பூரில் நம்மாட்கள் கூடும் தேக்கா கடைத்தெருவில் டேப்லெட் வாங்கிய அன்று அறைத்தோழன் ரகுபதிதான் ஏற்றிவிட்டான்: "இன்னும் பேப்பரா அண்ணே? எல்லாத்தையும் படம் பிடிச்சு உள்ள போடுங்க லா!" போட்டேன். நேற்று அந்தத் துரோகி டேப்லெட் என் விரலை ஏற்காமல், பாஸ்வேர்டு கேட்டுப் பூட்டிக்கொண்டது. ரகுபதியோ, "உங்க பாஸ்வேர்டு எனக்கெப்படித் தெரியும்?" என்று கைகழுவிவிட்டான்.

"உப்பைப் பாத்துப் போடுங்க, பக்கத்துல நானில்ல" என்றிருந்த ரசச் சீட்டையாவது மறுபடி எழுதி அனுப்பு. அதைப் படித்துக்கொண்டுதான் சாப்பிடுவேன்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன் சிதம்பரம்

பி.கு.: பாஸ்வேர்டு உன் பிறந்த தேதிதான். நான் போட்டுப் பார்த்த மூன்று தேதியும் தப்பாம்.