புரோக்கர் வந்தால் கதவைத் திறக்காதீர்கள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. பீரோ சாவி என் கைப்பையில். கேட்டுப் போன் செய்யாதீர்கள். மாலையில் புரோக்கர் கையெழுத்து வாங்க வருவான். கதவைத் திறக்காதீர்கள்.

நீங்கள் தடுத்தும், அந்தக் கடற்கரை விடுதி டைம்ஷேரை விற்கிற டீச்சரை இன்று காலை நானே போய்ப் பார்த்தேன். "ஓனர் வெளிநாட்டுல இருக்காங்க" என்று புரோக்கர் அளந்தானே, அந்த அம்மா நம் பல் டாக்டர் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறார்!

"வருஷத்துல ஒரு வாரம் தங்கலாம். ஆனா போகாட்டியும் பராமரிப்புப் பணம் கட்டணும்மா. யாராவது சும்மா வாங்கிக்கிட்டாலே போதும்னு புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அதைத்தான் அவன் நம் தலையில் விலைக்குக் கட்டப் பார்த்தான். தூ!

நம்மைப் பற்றி அவரிடம் சொன்னானாம்: "புருஷன் தலையாட்டிப் பொம்மை, பொண்டாட்டிதான் குடைச்சல்."

நேற்று அவன் எதிரில் "உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பி.கு.: என்னைக் குடைச்சல் என்றது போகட்டும். உங்கள் கையால் டீ வாங்கிக் குடித்தவன் உங்களைப் பொம்மை என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் குடித்த கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டேன். தேடாதீர்கள்.