வாங்காமல் திருப்பிய பதிவுத் தபால்

ஆட்டையாம்பட்டி,
20-6-1960

தம்பி மயில்சாமிக்கு அக்கா செல்லாயி எழுதிக்கொண்டது.

நம் கடலைக்காய் மில்லுக்கு மூன்று வருஷமாக நீ வருமான வரி ரிட்டர்ன் போடவில்லை. போட்டாயிற்றா என்று நான் கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டினாய். இதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

இங்கே மழை இல்லை. சின்ன எருது கால் நொண்டுகிறது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன். உன் மச்சான் போன பிறகு எதற்கும் எனக்கு அழுகை வருவதில்லை. மில் ஏலத்துக்குப் போகும் என்று செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர் சொன்னபோதும் வரவில்லை. அவர் மேஜை மேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாம் காய் உடைத்து எடுக்கும் பருப்பை வாங்கும் சேலத்து எண்ணெய் வியாபாரி தன் கணக்கில் நம் மில்லின் பேரைக் காட்டியிருக்கிறான். அதை வைத்து வரி ஆபீசில் நம்மைத் தேடியிருக்கிறார்கள். போன வருஷம் சித்திரையில் ஒரு பதிவுத் தபால் வந்தது. ஐப்பசியில் இன்னொன்று. தபால்காரர் வாசலில் நின்று உன் மச்சான் பேரைப் படித்தார். செத்துப்போனவர் பேருக்கு வருவதை வருஷத் திவசம் முடியாமல் வீட்டுக்குள் எடுப்பது நம் வீட்டில் வழக்கமில்லை. “செத்தவருக்கு வந்ததைச் செத்தவர்கிட்டயே கொண்டு போய்க் குடு” என்றேன். “அந்த ஊருப் பக்கம் எனக்குத் தபால் பீட் இல்லீங்க ஆத்தா. வாங்கிக்கிட்டீங்கன்னா இன்னொரு நடை மிச்சமுங்க” என்றார். நான் வாங்கவில்லை. இரண்டையும் திருப்பிவிட்டேன்.

உன் மச்சானின் வாரிசுக்கு என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். வாரிசு நான்தானாம். வேண்டாம் என்று திருப்பினாலும் கையில் கொடுத்த மாதிரிதான் சட்டத்தில் கணக்காம். ஆடிட்டர் சொல்கிறார். மில் ரசீதுகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். இங்கிலீஷுக்கு நான் எங்கே போவேன்? வழக்கப்படி நடந்தேன். அதில் என் தப்பு எதுவும் இல்லை.

பதில் இல்லாததால் அவர்களே வருமானத்தை மதிப்புப் போட்டுக்கொண்டார்கள். உத்தரவு இந்த ஆனி பிறந்த அன்று வந்தது. திவசம் முடிந்துவிட்டதால் வாங்கினேன். மில் பன்னிரண்டு மாசமும் ஓடுகிறது என்று வைத்து வரி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் அபராதம். கார்த்திகையில் காய் வந்தால் பங்குனியோடு மிஷின் நின்றுவிடும், மற்ற மாசமெல்லாம் அங்கே அணில்தான் ஓடுகிறது என்று சேலம் போய் ஆபீசரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கணக்கு எழுதியவர் வந்து சொல்லட்டும் அம்மா என்றார். அவ்வளவுதான்.

காத்தானை உனக்கு நினைவிருக்கும். இப்போது மில்லில் சாவி அவனிடம்தான். சேலத்திலிருந்து திரும்பி வந்து நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவன் குறுக்கே பேசினான். “சின்னவரை ஏனுங்க ஆத்தா வையறீங்க? அவரு காயிதமெல்லாம் எழுதிக் கொண்டாந்து நீட்டுனாரு. கையெழுத்துப் போடமாட்டேன்னது மொதலாளிங்க. நம்ம காட்டுக் காயை நாம ஒடைக்கறதுக்கு வரியா மாப்பிள்ளை, வெள்ளாமைக்கு ஏது வரின்னு சிரிச்சாருங்க” என்றான்.

வெள்ளாமைக்கு வரி இல்லை என்பது சரி. ஊரார் காயை வாங்கி உடைத்து விற்றது வியாபாரம், அதற்கு உண்டு என்கிறார் ஆடிட்டர். உன் மச்சானுக்கு அது தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். அவர் வார்த்தை கெடக்கூடாது என்று நீ எனக்குத் தலையை ஆட்டினாய். கருமாதியன்று சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அப்போதும் அவர் பேரை இழுக்காமல் பையை எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டாய். அதுவும் தப்புத்தான். நான் கேட்டது கேட்டதுதான்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். உத்தரவு கைக்கு வந்து ஒரு மாசத்துக்குள், அதாவது ஆடி பிறப்பதற்குள், ஏன் பதில் கொடுக்கவில்லை என்ற காரணம் காட்டி அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அந்த மனுவை ஆடிட்டர் எழுதுகிறார். திவசம் முடியாததால் தபாலை வாங்கவில்லை என்பதையும் எழுதச் சொல்லிவிட்டேன், சிரிக்கட்டும். விட்டுப்போன மூன்று வருஷ ரிட்டர்னையும் மனுவோடு கொடுத்துவிட வேண்டும். அதை எழுத வேண்டியது நீ. கையெழுத்து நான் போடுவேன். மில் எந்த மாசம் ஓடியது, எது நம் காய், எது வாங்கிய காய் என்று ஆபீசர் முன்னால் நின்று நீதான் சொல்ல வேண்டும். மில் ஓடிய மாசத்துக்குச் சாட்சியாக டீசல் வாங்கிய சீட்டுகளைக் காத்தான் பொறுக்கிக் கட்டி வைப்பான். நியாயமாக வரும் வரியைத் தவணையில் கட்ட நான் ஒத்துக்கொள்வேன். அதற்குக் கிணற்று மேட்டுக் காட்டைக் குத்தகைக்கு விடுகிறேன். நீ வரவில்லை என்றால் இது எதுவும் நடக்காது. மில்லில் சீல் வைப்பார்கள்.

சேலத்தில் லாட்ஜில் தங்காதே. ஸ்டேஷனுக்குக் காத்தான் வருவான். நான் வரமாட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கணக்கில் உட்கார வேண்டும்.

ஆபீசரிடம் நானும் கூட வருவேன். மூன்று வருஷமும் ரிட்டர்ன் போடாதது யார் என்று அவர் கேட்பார். உன் மச்சானைச் சொல்ல வேண்டியது நான், நீ வாய் திறக்காதே. பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டால் என் தம்பி என்று சொல்வேன்.

இப்படிக்கு,
செல்லாயி