பாஸ்டனில் மூன்று நாள்

தை 6, ஞாயிறு

பனி. விரல் மரத்துப் போகிற குளிர். சைக்கிள் பஞ்சர், ஒட்ட வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கடிதம். அங்கே ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் மூன்று நாள் விருப்பமான ஓர் ஊரைப் பார்க்கலாமாம். பாஸ்டன் என்று எழுதிவிட்டேன். ஹெட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "வாஷிங்டன்னு போடுங்க சார், தலைநகரம்." ஓசூர்ப் பையன்களுக்கு வருஷா வருஷம் சரித்திர வகுப்பில் பாஸ்டன் துறைமுகத் தேயிலையைக் கொட்டிக் காட்டுகிறவன் நான். கொட்டிய இடத்தை நான் பார்க்க வேண்டாமா?

ஒரே முட்டுக்கட்டை, போலீஸ் நன்னடத்தைச் சான்று. சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் கிராம முன்சீப்பைக் கேட்டுத்தான் எழுதுவார். முன்சீப் யார்? நஞ்சப்பன். சித்தப்பா மகன். அது என் அப்பா பார்த்த வேலை. நான் பி.ஏ. பரீட்சையில் இருந்தபோது அப்பா செத்தார். திரும்பி வருவதற்குள் வேலை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தது. போன ஆடியில் என் ஒட்டுமாஞ்செடிகளை அடியோடு வெட்டிப் போட்டவனும் அவன்தான். சாட்சி இல்லை.

சான்று வரும்வரை அவனைத் தொடக்கூடாது.

தை 8, செவ்வாய்

நஞ்சப்பன் வீட்டுக்கே வந்தான். மூக்குப்பொடி நெடி அவனுக்கு முன்னால் வந்தது. பச்சைத் துண்டை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"ஏண்ணா, கடல் தாண்டிப் போறியாமே. அப்படிப் போறவன் கோயில் எருதுக் கயிறு புடிக்கலாமான்னு ஊரு கேக்குது."

"ஊரா, நீயா?"

"நான்தான் வெச்சுக்கோயேன். கயிற விட்டுக்குடு. எஸ்.ஐ. வந்தா நல்லபடியா நாலு வார்த்த சொல்றேன்."

எருது விடும் விழாவில் கோயில் எருதின் கயிற்றைப் பிடித்து முதலில் அவிழ்த்துவிடுவது வம்சத்தில் மூத்தவன். மூத்தவன் நான். வேலை போயிற்று, செடி போயிற்று, இதுவும் வேண்டுமாம். விளக்குக் கம்பம்போல நின்றேன். உள்ளே அவன் தாடையைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். பல் ஒவ்வொன்றாக.

போகும்போது துண்டை மறந்துவிட்டுப் போனான். "குடுத்தனுப்பவா?" என்றாள் என் மனைவி ராஜம்மா. வேண்டாம் என்றேன்.

தை 9

பாஸ்டன், முதல் நாள்: துறைமுகம். சிப்பாய்கள் சுட்ட தெரு. செத்தவர் ஐந்தே பேர். ஐந்து பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு தேசம் கட்டியிருக்கிறார்கள்.
இரண்டாம் நாள்: குன்றுப் போர் நடந்த இடம். பழைய இடுகாடு.
மூன்றாம் நாள்: ?
கம்பளிக் கோட்டு. மப்ளர். அங்கே சித்திரையிலும் குளிருமாம்.

கையால் அடித்தால் கேஸ். எருது குத்தினால் விழா.

முன்சீப் படுத்துவிட்டால் எஸ்.ஐ. கணக்குப்பிள்ளையைத்தான் கேட்பார். கணக்குப்பிள்ளைக்கு என்மேல் மரியாதை உண்டு.

தை 11

கோயில் எருது எங்கள் கொட்டகையில் நிற்பது நல்லதாயிற்று. வைக்கோல் பொம்மை ஒன்று கட்டச் சொல்லி, அதற்கு நஞ்சப்பன் துண்டைச் சுற்றினேன். பண்ணையாள் மாரப்பன் அதை எருதின் மூக்கருகே காட்ட வேண்டும். காட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து நான் தார்க்குச்சியால் குத்துகிறேன். ஆணி முனை. இரத்தம் கசிகிறது.

"பாவங்க சாமி, வாயில்லாத ஜீவன்," என்றான் மாரப்பன். விழாவுக்கு உசுப்பேற்றுகிறோம் என்றேன். நம்பினானா தெரியவில்லை.

பள்ளியில் ஆறாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி.

தை 14

பொம்மையைக் கிழித்துவிட்டது. வேறு கட்டினோம், அதையும். பொம்மை தேவையில்லை, நெடி போதும். துண்டைக் கண்டாலே கண் சிவக்கிறது. மாரப்பன் விலாவில் ஒரு முட்டு. மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்துவிட்டான். ராஜம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

கண்ணாடித் துண்டால் கொம்பு சீவினேன். நானேதான். பென்சில்போல வந்திருக்கிறது.

அத்திப்பள்ளியிலிருந்து வந்த லாரிக்காரர்கள் டீக்கடையில்: "மேஷ்ட்ரு அமெரிக்கா ஹோக்தாரந்தே." "ஹோகலி பிடு, இல்லி ஏன் கித்திதாரே?" வாத்தியார் அமெரிக்கா போகிறாராம்; போகட்டும் விடு, இங்கே என்ன கிழித்தார் என்று. எனக்குக் கன்னடம் புரியாது என்று நினைப்பு. தம்ளரை அவன் நெற்றியில் உடைத்திருக்கலாம். சான்று, சான்று.

தை 18

எஸ்.ஐ.யைப் பார்த்தேன். "விழா பந்தோபஸ்து முடியட்டும் சார், உங்க முன்சீப்ப ஒரு வார்த்த கேட்டு எழுதிடறேன்."

நஞ்சப்பன் நடுத்தெருவில் தோட்டியைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தான். கையை வீசும்போது வயிறு திறந்து நிற்கிறது. பார்த்துக்கொண்டேன்.

தை 22

நேற்று விழா. நேற்று எழுத முடியவில்லை.

கோயில் முன்னால் கூட்டம். எருதின் கொம்பில், ஓடும்போது பையன்கள் பறிப்பதற்கென்று ஜிகினாத் தட்டி கட்டி, மாலை போட்டிருந்தது. கயிறு என் கையில். நஞ்சப்பன் எதிரே வந்தான். கயிற்றைப் பிடுங்குவான், அப்போது விட்டுவிடலாம் என்றுதான் நின்றேன். அவன் கும்பிட்டான்.

"நீயே புடிண்ணா. கடல் தாண்டிப் போற. அம்மா காலைல ஒரே அழுக, அண்ணன்கிட்ட வம்பு வேணாம்னு."

கயிறு பிடிப்பவனுக்குப் பங்காளி தன் தோள்துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். தெரியாததா எனக்கு? பேச்சுவார்த்தை இல்லாத இத்தனை வருஷமும் அவன் கடையில் வாங்கிய புதுத்துண்டு ஒன்றைத்தான் யார் கையிலாவது அனுப்புவான். இந்த வருஷமும் அதுதான் என்று இருந்துவிட்டேன்.

தோளிலிருந்த துண்டை உருவி என் தலையில் கட்டினான். "பழசுண்ணா. கோவிச்சுக்காத." மூக்குப்பொடி நெடி. கூட்டம் விசிலடித்தது.

எருது திரும்பி என்னைப் பார்த்தது. கயிறு கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. தலைப்பாகையைப் பிய்த்து எறிந்தேன். எங்கே எறிந்தேன்? அவன் முகத்தில். துண்டு விழுந்ததும் அவன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்தான்போல. சிரித்த வாயோடு கொம்பில் ஏறினான். ஒரு தரம் தூக்கி, கீழே போட்டு, மறுபடி வயிற்றில். உள்ளிருந்தது எல்லாம் வெளியே. ஜிகினாத் தட்டி அவன்மேல் கிடந்தது. அதைப் பறிக்க இரண்டு பயல்கள் குனிந்தார்கள்.

தை 23

ஓசூர் ஆஸ்பத்திரி. நஞ்சப்பனுக்கு நினைவு இருக்கிறது. தேறமாட்டார் என்று டாக்டர் வராந்தாவில் சொன்னார். என் உள்ளங்கையில் கட்டு, இடது கையால் எழுதுகிறேன்.

எஸ்.ஐ. வந்தார். எருது யார் பொறுப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டார். போகிறபோக்கில் என் விஷயத்தையும் அவனிடமே கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணனா?" என்றான். மூச்சு வாங்கியது. "யாரையும் கை நீட்டி அடிச்சதில்ல சார். தாராளமா எழுதுங்க."

எஸ்.ஐ. போனபின், மெதுவாக: "துண்ட ஏண்ணா எம்மேல வீசின?"

"கை தவறிப்போச்சு."

"செரி. அம்மாவுக்குச் சொல்லாத," என்றான். எதை என்று நான் கேட்கவில்லை.

தை 25, வெள்ளி

விடிகாலையில் போய்விட்டான். சித்தி என் கையிலிருந்த கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எருதை அடக்கப் பார்த்துக் கிழிந்த கை என்று ஊர் சொல்லியிருக்கிறது.

போகும்போதும் எனக்கு உபகாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறான். வேலையைப் பிடுங்கியதை மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை முடியாது.

தை 28

சான்று வந்துவிட்டது. பாஸ்டன் உறுதி. மூன்றாம் நாள் இன்னும் காலி. தையற்காரரிடம் கோட்டு அளவு கொடுக்க வேண்டும்.

மாரப்பன் வேலைக்கு வருவதில்லை. கொட்டகைக்கு நானே தண்ணீர் எடுத்துப் போனேன். எருது தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைப் பறித்தது. என் தோளில் துண்டு இல்லை.