பச்சைப் படகுத் தபால்தலை

அன்புள்ள நண்பனுக்கு,

மண்ணரையில், என் கம்பெனியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது நான்காவது தாள்; முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். பக்கத்திலிருக்கும் ராயபுரத்துக்கு இரண்டு முறை வந்து, உங்கள் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

முந்தாநாள் என் தபால்தலை ஆல்பத்தை விற்கலாம் என்று கோயம்புத்தூரில் விலை மதிக்கும் ஒருவரிடம் காட்டினேன். வேகமாகப் புரட்டியவர், பச்சைப் படகு போட்ட ஒன்றில் நின்றுவிட்டார்.

"இது எந்தக் கேட்லாக்லயும் காணமுங்க. ஏதோ சின்னத் துறைமுகத்துல அவங்களே அச்சடிச்சது. எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தான் வெல சொல்ல முடியும்."

லென்ஸ் வைத்துப் பார்த்தார். "முத்திரைல ஊர்ப்பேரோட கடைசி மூணு எழுத்து இருக்குதுங்க. மிச்சம் உறைமேல விழுந்திருக்கும். உறை வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, விலைகூடக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

உறை உங்கள் வீட்டில் இருக்கிறது. கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பி வராத உன் அப்பா கடைசியாகப் போட்ட கடிதம். எந்த ஊரிலிருந்து போட்டார் என்று தெரியாமல், உன் அம்மா அதை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஸ்டாம்ப யாருடா பிச்சது?" என்று நீ கேட்டாய். தெரியாது என்றேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. பதின்மூன்று வயதில் எனக்குப் படகு மட்டும்தான் தெரிந்தது. நீ என்னை நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

தபால்தலையை இதனுடன் வைத்திருக்கிறேன். உறையோடு பொருத்திப் பார். ஊர்ப்பெயரை முதலில் அம்மாவிடம் சொல். அம்மா இருக்கிறாரா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

இப்படிக்கு,
அதைத் திருடியவன்